நாத்தனார் மனையில் வந்த கடல்

நான் மண் படித்தவள் என்று தெரிந்தால் போதும், எங்கள் கூடுவாஞ்சேரி அடுக்ககத்தில் யாராவது ஒருவர் என்னை லிஃப்டுக்குள் மடக்கிவிடுவார். "மேடம், ஊர்ல ஒரு போர் போடணும், பாயிண்ட் பாத்துச் சொல்றீங்களா?" எனக்குத் தண்ணீர் பார்க்கத் தெரியாது என்பேன். "அப்போ தங்கம் கிங்கம்?" அதுவும் தெரியாது. "பின்ன இன்னாதான் பாப்பீங்க?" என்று கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள், பத்தாம் வகுப்பில் ஃபெயிலான பிள்ளையைப் பார்ப்பதுபோல. பழைய நிலச்சரிவுகளைப் பார்ப்பேன் என்று சொன்னால் இன்னும் மோசம். புதிதாகச் சரிந்தாலாவது டிவிக்காரர்கள் வருவார்கள். எப்போதோ சரிந்து, மேலே மரம் முளைத்து, ஆடு மேய்ந்துகொண்டிருக்கும் இடத்தில் இவளுக்கு என்ன வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

வேலை இருக்கிறது. ஒருமுறை சறுக்கிய மலைச்சரிவு மறுபடி சறுக்குமா, சும்மா கிடக்குமா என்பதை அதன் மண்ணே சொல்லும். சறுக்கி வந்த மண்ணுக்கும் அடியில் அசையாமல் நிற்கும் பாறைக்கும் நடுவே மெல்லிசாக ஒரு களிமண் படலம் இருக்கும். அந்தக் களிமண்ணில் முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று சமர்த்து, தண்ணீர் பட்டாலும் தன் பாட்டுக்கு இருக்கும். இன்னொன்று தண்ணீரைக் குடித்து உப்பி, வழவழத்துப் போய், மேலே இருக்கும் மொத்த பாரத்தையும் கீழே அனுப்பி வைத்துவிடும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பொடித்துக் கண்ணாடித் துண்டில் தடவி எக்ஸ்ரே கருவிக்குள் வைத்தால், ஒவ்வொரு கனிமமும் தனக்கென்று ஒரு கோணத்தில் முள்போல ஒரு கோட்டைக் காட்டும். அந்த முட்களைப் பார்த்து எது எது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மேற்கே மலை மாவட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக மண் வரும், நான் பாட்டுக்கு முள் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் சிறுசேரியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவர். யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும், "என் வொய்ஃப் மலைக்கு போஸ்ட்மார்ட்டம் பண்றவங்க" என்பார். சிரிக்காமல் சொல்வார், அதுதான் எரிச்சல்.

இந்தப் போஸ்ட்மார்ட்டம் என் சொந்த நாத்தனார் மனையிலேயே நடக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் கணவரை அண்ணா என்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் அவர்கள் வீடு இருந்தது. 'இருந்தது' என்பதைக் கவனியுங்கள். கடல் ஒரே நாளில் வந்து வாரிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டே வந்தது. முதலில் தெரு போயிற்று, பிறகு வீட்டின் பின்பக்கத்து அடுப்படி, கடைசியில் ஒரு புயல் சமயத்தில் மிச்சமும். கதவையும் ஜன்னலையும் மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து வாடகை வீடு, அதுவும் மீன் நாற்றம் என்று காலி செய்யச் சொல்லும் வாடகை வீடுகள். அண்ணா இன்றைக்கும் கடலுக்குப் போகிறார். அண்ணி திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். அவர் குரல் கேட்டால் கோயில் படியேறிக்கொண்டிருக்கும் பக்தர்கூட ஒரு நிமிஷம் நின்று வஞ்சிரம் என்ன விலை என்று யோசிப்பார்.

மீன் விற்கிற ஊரிலேயே ஒரு மனை வாங்கிவிட்டார்கள். ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒரு குன்றின் அடிவாரத்தில், ரோட்டிலிருந்து மேற்கே குன்றை நோக்கி ஏறும் நீளமான மனை. வாங்கிய பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள். நான் மண் படித்தவள் ஆயிற்றே, முன்னாடி சொன்னால் ஏதாவது சொல்லித் தொலைப்பேன் என்று பயம்.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அண்ணி அதற்குள் சுண்ணாம்புப் பொடியால் தரையில் வீடே போட்டு வைத்திருந்தார். இது கூடம், இது ரூம், இது மீன் கூடை வைக்க. மனையின் ஆக உயரமான இடத்தில், குன்றை ஒட்டினாற்போல, ஒரு பெரிய சதுரம்.

"இது அடுப்படி," என்றார் அண்ணி. "போன வூட்ல கடலு மொதல்ல துன்னது அடுப்படியத்தான். இந்தத் தபா வரட்டும் பாக்கலாம், எத்தினி தூரம் ஏறி வருதுன்னு."

நான் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்கக் கூடாது. தயிர்ச் சட்டியில் கரண்டி போட்டு எடுத்த மாதிரி மேலே ஒரு குழிவு. அதற்கு நேர் கீழே, எடுத்த தயிரைக் கொட்டினாற்போல ஒரு புடைப்பு. அந்தப் புடைப்பில் முட்டி மோதிக்கொண்டு கிடக்கும் பெரிய பெரிய கற்கள். புடைப்பு வந்து முடிகிற இடம் அண்ணியின் அடுப்படி.

என் வாய் சும்மா இருந்ததா? "அண்ணி, இந்த மலை ஒரு காலத்துல சரிஞ்சிருக்கு," என்றேன்.

அண்ணா வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்மா, இந்த ஊர்ல கழுகே வர்றத வுட்டுடுச்சு, மலை மட்டும் எறங்கி வருமா?"

என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "யானைக்கும் அடி சறுக்கும்னு இருக்கும்போது மலைக்குச் சறுக்காதா மச்சான்?" என்றார். இரண்டு பேரும் கை தட்டிக்கொண்டார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. சுண்ணாம்புப் பொடி கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கட்டலாமா கூடாதா, அத்த மட்டும் சொல்லு," என்றார்.

சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றேன். அவரே கெடு வைத்தார். ஆடி மாதம் எப்படியும் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். "ஆடி முச்சூடும் ஒனக்குத்தான். தோண்டு, நோண்டு, இன்னா வோணா பண்ணிக்கோ. ஆவணி பொறந்தா நான் கடக்கால் போட்டே தீருவேன்."

கடக்கால் என்றால் அஸ்திவாரம். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் நான் ஜுரம் வந்தவள்போல ஆனேன். முன்பின் தெரியாதவர்களின் மலைக்கு 'கட்டுமானத்துக்கு ஏற்றதல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எனக்குக் காபி குடிக்கிற மாதிரி. இங்கே எழுதினால் தீபாவளிக்கு யார் முகத்தில் விழிப்பது?

ஆடி பிறந்ததும் ஜேசிபி வைத்து இரண்டு பள்ளம் எடுத்தோம். ஒன்று மேலே, அடுப்படிச் சதுரத்தின் நடுவில். இன்னொன்று கீழே ரோட்டோரம், ஈசானிய மூலையில். ஜேசிபி ஓட்டியவர் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "செப்டிக் டேங்க்குக்கு இத்தினி ஆழம் வேணாமே," என்று எனக்கு இலவசமாக ஆலோசனை சொன்னார்.

மேல் பள்ளத்தில் இறங்கினேன். தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கிடக்கும் கற்கள், நடுநடுவே கலங்கிய மண், அடியில் சாம்பல் நிறத்தில் ஈரக் களிமண். களிமண்ணைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே பளபளவென்று கோடுகள். மேலே இருந்தது கீழே இழுத்துக்கொண்டு போன தடம்.  களிமண்ணில் பொடிமணல் கலந்திருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு துளி எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்போம். நறநறத்தால் மணல், வழுக்கினால் களி. நான் கடித்துக்கொண்டிருந்தபோது பள்ளத்தின் விளிம்பிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார்.

"அடியாத்தாடி! இன்னாம்மா, முழுகாம கீறியா? மண்ணத் துன்ற!"

இல்லை அண்ணி, சோதனை, என்று வாயில் மண்ணோடு சொன்னேன். யார் நம்புவார்கள்? அன்று சாயங்காலத்துக்குள் குப்பத்துச் சொந்தபந்தம் அத்தனைக்கும் செய்தி போய்விட்டது. சித்தி முறையாகும் ஒருவர் போன் பண்ணி, மாங்காய் ஊறுகாய் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, நல்ல ஊறுகாய் அது.

மேல் பள்ளத்து மண்ணைப் பையில் போட்டு, கற்களையும் சுத்தியால் உடைத்துப் பார்த்து முடிப்பதற்குள் வானம் கறுத்துவிட்டது. கீழ்ப் பள்ளத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். அந்த வாரம் மழையும் அடித்தது. மறு ஞாயிறு போனபோது கீழ்ப் பள்ளத்தின் பக்கங்கள் கொஞ்சம் சரிந்து, அடியில் செம்மண் சேறு படிந்திருந்தது. அதனாலென்ன என்று ஒரு பிவிசி குழாயை அடித்தரையில் நட்டுச் சம்மட்டியால் அடித்து இறக்கினேன். குழாய்க்குள் அடுக்கு அடுக்காக மண் ஏறிவிடும், அப்படியே எடுத்துப் போய் ஆய்வுக்கூடத்தில் பிளந்து பார்க்கலாம். அண்ணி பக்கத்தில் நின்று, "மெதுவா அடிம்மா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் கைக்கு வலிக்கும் என்று அக்கறையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு உருகிப் போனேன்.

ஆய்வுக்கூடத்தில் முதலில் மேல் பள்ளத்து மண்ணைப் பார்த்தேன். கல் ஒவ்வொன்றின் மேலும் துருப்பிடித்த தோல் மாதிரி ஒரு பட்டை தடித்திருந்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்து கல் வெளிப்புறத்திலிருந்து உளுத்துக்கொண்டே வரும், பட்டை தடிக்கத் தடிக்கக் கல் வந்து விழுந்து அவ்வளவு காலம் ஆயிற்று என்று பொருள். ஆக, சரிவு மிகப் பழையது. சந்தோஷம். ஆனால் களிமண்ணின் முள் உப்புகிற ரகத்தைக் காட்டியது. கிளைக்கால் என்ற ரசாயனத் திரவத்தின் ஆவியில் வைத்து மறுபடி பார்த்தேன். முள் இடம் நகர்ந்தது. உப்புகிற களி மட்டும்தான் அப்படி நகரும். அதாவது சரிவு தூங்குகிறது, ஆனால் அதன் காலடியை வெட்டி அஸ்திவாரம் தோண்டினால் எழுந்துவிடும்.

சரி, மேல் பாதி போனால் போகட்டும், கீழ்ப் பாதி இருக்கிறதே என்று குழாயைப் பிளந்தேன். மேலே செம்மண்ணும் பொடிக்கற்களும். அடியில் உளுத்த பாறை. இரண்டுக்கும் நடுவில் சாண் உயரத்துக்கு மணல்.

சும்மா மணல் இல்லை. கொஞ்சம் எடுத்து அரைத்து எக்ஸ்ரேயில் வைத்தேன், சிப்பிச் சுண்ணாம்பின் முள் நின்றது. மிச்சத்தைக் கனமான திரவத்தில் போட்டால் கறுப்பு மணிகளும் சிவப்புக் கார்னெட் மணிகளும் அடியில் தங்கின. மலையிலிருந்து உதிரும் கார்னெட் உடைந்த கண்ணாடி மாதிரி முனை முனையாக இருக்கும். இவை அலையில் உருண்டு உருண்டு கடுகுபோல வழவழப்பாக இருந்தன. கடற்கரை மணல்! கடலிலிருந்து அவ்வளவு தள்ளி, ஒரு குன்றின் காலடியில், கடற்கரை!

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடல் இங்கே வரை ஏறி வந்திருக்கிறது என்றால் புத்தகங்கள் இதுவரை சொன்னதையெல்லாம் திருத்தி எழுத வேண்டும். கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டேன். பக்கத்து மேசையில் இருக்கும் தோழி, குழாயை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அங்க வரைக்கும் கடல் வந்திருந்தா மாமல்லபுரம் சிற்பிங்கல்லாம் படகுல நின்னுகிட்டுதான்டி செதுக்கியிருக்கணும்," என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பெருமையெல்லாம் பஸ் ஏறும் வரைதான். ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது மண்டையில் உறைத்தது. மணலுக்கு மேலே செம்மண்ணும் கற்களும் இருக்கின்றன. அப்படியானால் முதலில் கடல் வந்து மணலைப் போட்டிருக்கிறது, அதற்குப் பிறகுதான் மலை சரிந்து அதன்மேல் ஓடி வந்திருக்கிறது. கீழ்ப் பாதியும் சரிவுதான், அதுவும் அவ்வளவு பழையது இல்லை. மனையில் வீடு கட்ட ஒரு அடிகூட மிச்சமில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது, அதுவரை அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவர் சத்தியம் மறுநாள் சிறுசேரி ஷட்டில் பஸ் ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டும் வரை தாங்கியது. பஸ்ஸிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டு, "அழாதக்கா," என்று ஆரம்பித்திருக்கிறார். அழாதே என்று ஆரம்பித்தால் பின்னே சிரிக்கவா செய்வார்கள்?

மத்தியானம் அண்ணா கூப்பிட்டார். எப்போதும் கிண்டலாகப் பேசுகிறவர், அன்று குரலே இறங்கியிருந்தது. "தங்கச்சி, மெய்யாலுமே எங்கயும் கட்ட முடியாதா? அவ மார்க்கெட்டுக்குப் போவல. சோறு துன்னல. சொவத்தப் பாத்துகினு குந்திகினு கீறா. கடலாண்ட தோத்துட்டு வந்தோம், சரி. மலையாண்டயும் தோத்தா எங்க போறதுன்னு கேக்குறா. நான் இன்னா சொல்லட்டும்?"

போனை வைத்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது, வீட்டுக்காரர் மேல், மலைமேல், மண் படித்த என் மேல். படித்த படிப்பு ஒரு மனுஷியைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டதே. அந்தக் கோபத்தோடுதான் மிச்ச மணலை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

சிவப்பு மணி, கறுப்பு மணி, சிப்பித் துணுக்கு, மணி, மணி. பிறகு ஒரு நீல நூல்.

இடுக்கியால் எடுத்தேன். முறுக்கேற்றிய நைலான். மீன் வலை நூல். தட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் ரோஸ் பெயின்ட் ஒட்டிய சிமென்ட் பூச்சுத் துண்டு ஒன்று. தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஆகா. கடல் வந்தது நிஜம்தான். ஆனா நைலான் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் வந்திருக்கு. வீட்டுக்கு பெயின்ட் அடிச்சுட்டு வந்திருக்கு," என்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை கேட்டிருக்கிறேன். நான் மலையைக் கெல்லி வலையைப் பிடித்திருந்தேன்.

அந்த ரோஸ் பெயின்ட் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அண்ணியின் குப்பத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் போனேன். அண்ணி மார்க்கெட்டுக்கு வந்திருந்தார், ஆனால் கூவவில்லை. கூடை முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஈயை ஓட்டக்கூடக் கை எழவில்லை. பக்கத்தில் குந்தினேன்.

"அண்ணி, கீழ்ப் பள்ளத்துல மணல் போட்டீங்களா?"

அவர் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. "எந்த மணலு?"

"கடல் மணல். நீல வலை நூல் கிடந்துச்சு. ரோஸ் பெயின்டு கிடந்துச்சு."

கொஞ்ச நேரம் கூடையிலிருந்த சங்கரா மீனைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அது எங்க வூட்டு மண்ணு," என்றார்.

வீடு விழுந்த மறுநாள், வாசல் இருந்த இடத்திலிருந்து ஒரு கோணி நிறைய மணல் வாரி வந்திருக்கிறார். வாடகை வீடு வாடகை வீடாக அந்தக் கோணியும் கூடவே வந்திருக்கிறது. புது வீட்டுக்குக் கடக்கால் போடும்போது ஈசானிய மூலையில் பழைய வாசல் மண்ணைப் போடுவது அவர்கள் பக்கத்து வழக்கமாம். "ஆவணிக்கு வெச்சிருந்தேன். நீ பள்ளம் தோண்டிட்டு வுட்டுட்டுப் போயிட்ட. சொந்த மனையில தோண்டுன குழிய வெறுங்குழியா வுடக்கூடாது, அது நல்லதுக்கில்ல. மூலையும் நம்ம ஈசானிய மூலையா கீது. கொட்டிட்டேன். கொட்டுனப்புறம் எனுக்கு ஒரு தெம்பு. வூட்டு மண்ணே எறங்கிடுச்சு, இனிமே ஒன்னால கூடாதுன்னு சொல்ல முடியாதுன்னு."

சொல்ல முடியாதாமே! அந்த மண்ணை வைத்துத்தானே கூடவே கூடாது என்று சொன்னேன். கொட்டிய மணல்மேல் மழையில் கரைந்த செம்மண் வந்து மூட, அதை நான் மலை சரிந்து வந்த மண் என்று படித்திருக்கிறேன். எடுத்துச் சொன்னதும் அண்ணியின் வாய் அப்படியே திறந்துகொண்டது.

"அப்போ, எம் மண்ணே எனுக்கு எதிரா சாட்சி சொல்லிச்சா?"

இரண்டு பேரும் சிரித்தோம். மீன் கேட்க வந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விட்டார். சிரித்து ஓய்ந்ததும் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, நீ எடுத்துகினு போனியே, அந்த மண்ணு எங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. "கொஞ்சம் அரைச்சுட்டேன், அண்ணி."

"அரச்சுட்டியா?"

"மாவு மாதிரி அரைச்சாத்தான் எக்ஸ்ரேல தெரியும்."

"அடிப்பாவி, எங்க வூட்ட மாவாட்டிட்டியா!" என்று என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். மீன் செதில் ஒட்டிய கை. பாதி விளையாட்டு, பாதி நிஜம். வலித்தது. வாங்கிக்கொள்ள வேண்டிய அடிதான் அது. மிச்சத்தையும் மாவையும் ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தேன். மாவை முகர்ந்து பார்த்துவிட்டு டப்பாவை மூடினார்.

அந்த ஞாயிறு அண்ணியே பள்ளத்தில் இறங்கி, சேற்றை விலக்கி, தன் மணலைக் கையாலேயே வாரிக் கோணியில் சேர்த்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. அவர் ஏறியதும் நான் இறங்கி அடித்தரையைத் துடைத்துப் பார்த்தேன். உளுத்துப்போன பாறைதான், ஆனால் உளுத்த இடத்திலேயே நின்றது. அதற்குள் ஒரு வெள்ளைக் குவார்ட்ஸ் கோடு, தரையிலிருந்து சுவரில் ஏறி மேலே வரை, எங்கும் முறியாமல், நெளியாமல் போயிற்று. மண் ஒரு விரற்கடை சறுக்கியிருந்தாலும் அந்தக் கோடு அறுந்திருக்கும். அந்தப் பாறை உளுத்து உண்டான களிமண்ணையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சமர்த்து ரகம்.

ஆக, கீழ்ப் பாதியில் தாராளமாகக் கட்டலாம். மேல் பாதியில் கூடாது, மண்வெட்டியே வைக்கக் கூடாது. இதைச் சந்தோஷச் செய்தி என்று சொல்வதா, கெட்ட செய்தி என்று சொல்வதா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் வீட்டுக்காரர், "நீயே சொல்லிடு, நான் போன் பண்ணா அழாதன்னு ஆரம்பிச்சுடுவேன்," என்று நழுவினார். அண்ணாவோ, "பாதின்னு சொன்னா பேஜாரு பண்ணுவா. நான் கொஞ்சம் தள்ளியே நிக்கிறேன்," என்றார். புயலில் படகு ஓட்டுகிற மனுஷன்.

ஆடி முடியப் போகிற ஒரு காலையில், மனையின் நடுவில் நின்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தும் வளவளத்தேன். களி, உப்பல், கல்லின் பட்டை, மலையின் கால் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், "மேல் பாதிய அப்படியே வுட்டுடணும், அண்ணி. அடுப்படி அங்க வேணாம். வீடு நீங்க நெனச்சதுல பாதிதான் வரும். மன்னிச்சுக்குங்க," என்று முடித்தேன்.

 மழையில் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்த அந்தச் சுண்ணாம்புச் சதுரம் வரை அண்ணி நடந்தார். அங்கே நின்று குன்றை அண்ணாந்து பார்த்தார். அண்ணா தள்ளி நின்று வேட்டி முனையை முறுக்கிக்கொண்டிருந்தார்.  திட்டட்டும், அழட்டும், இன்னொரு அடி வைக்கட்டும் என்றிருந்தது எனக்கு.

அவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு நிக்கிற? கடலு கேக்காமயே மொத்தத்தையும் எடுத்துகினு போச்சு. இது பாதிதான கேக்குது. அதுவும் முன்னாடியே சொல்லிட்டு கேக்குது. குடுத்துட்டுப் போவோம்."

நான் அழுதுவிட்டேன்.